கொடுவா வேணுமா, வஞ்சிரம் வேணுமா?

போன வாரம் ஒரு காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாயெல்லாம் நுரை. மொபைல் சிணுங்கியது. கனடாவிலிருந்து என் தங்கை மகன் டேனி.

ஒரே ஒரு கேள்வி.

"மாமா, கொடுவா பெரிசா, வஞ்சிரம் பெரிசா? அர்ஜென்ட்!"

நீங்களே சொல்லுங்கள். பனி கொட்டுகிற ஊர். ஃபுட்பால் முகாம். காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிற இருபத்தொரு வயசுப் பையன். அவனுக்கு மீன் சைஸ் எதற்கு? அதில் என்ன அர்ஜென்ட்?

எனக்குப் புரிந்துவிட்டது. நுரையோடு சிரித்தேன். கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்... டிசம்பருக்கு.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ராயபுரத்தில் ஹார்டுவேர் கடை போட்ட குடும்பம். வீட்டுக்குள் தூத்துக்குடி பேசுவோம். வாசலைத் தாண்டினால் மெட்ராஸ். தங்கை கிரேஸ் மட்டும் கல்யாணமாகிக் கனடா போனாள். போனவள் தூத்துக்குடித் தமிழையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டாள். இன்றைக்கும் போனில் "வாரான்", "போறான்", "சொல்லுதான்" என்றுதான் பேசுவாள்.

அவளுடைய பையன்தான் டேனி. அங்கே யுனிவர்சிட்டி அணியில் டிஃபெண்டர். கோல் போடுகிற ஆள் இல்லை. கோல் விழாமல் பார்த்துக்கொள்கிற ஆள். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். விழாமல் பார்த்துக்கொள்கிறவனை யார் தூக்குகிறார்கள்? நடக்காமல் போனதற்கு யாராவது கை தட்டுவார்களா?

டிசம்பர் தொடக்கத்தில் கிரேஸ் போன் செய்தாள். குரல் போனுக்கு வெளியே வந்து ஹாலில் நின்றது.

"அண்ணே! நம்ம டேனிய ட்ராஃப்ட்ல எடுத்துட்டாவண்ணே! ப்ரொஃபஷனல் கிளப்பு!"

இந்தச் செய்தியை நான் பெரியப்பா மகன் அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். கடையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அங்கேதான் தப்பு நடந்தது. ட்ராஃப்ட் என்ற சொல் அவர் காதுக்குள் நுழைந்து, கிரிக்கெட் ஏலமாக மாறி, அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ்.

'கனடா நாட்டுக்காகக் களமிறங்கும் ராயபுரத்தின் சிங்கமே!'

நடுவில் ஆளுயரத்துக்கு டேனி. கோட்டு சூட்டு. கையில் ஐஸ்கிரீம் கப். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். ஃபுட்பால் படம் கைவசம் இல்லையாம். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். எங்கள் பக்கம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. முக்கியமானவர்களுக்குப் பெரிய முகம், மற்றவர்களுக்குச் சின்ன முகம். அந்தோணி அண்ணனுக்குத் தட்டு சைஸ். அவருடைய மச்சானுக்குச் சாசர் சைஸ். நானும் இருந்தேன்... ஓரத்தில், ஸ்டாம்ப் சைஸில்.

கிறிஸ்மஸ் லீவுக்கு டேனி தனியாக வந்து இறங்கினான். ஆட்டோவில் இருந்தபடியே ஃப்ளெக்ஸைப் பார்த்தான்.

"மாமா... அது யாரு?"

"நீதான்."

"நான் கனடாவுக்கு ஆடலையே மாமா! அது நேஷனல் டீம். இது ஒரு சின்ன கிளப். தப்பா போட்டிருக்காங்க. எடுக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்."

"எடுத்தா பெரிய மாமா அழுதுடுவாரு. லீவு முடியற வரைக்கும் சிங்கமா இரு."

மறுநாள் துறைமுகச் சுவருக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன, இன்ஜினை அணைத்துவிட்டு, எப்போதோ கிடைக்கப்போகிற அனுமதிக்காக. 'ட்ராஃப்ட் என்றால் என்னதான்டா?' என்று கேட்டேன். காலி டீ கிளாஸ்களை வரிசையாக வைத்து அவன் விளக்கினான்.

ஏலம் இல்லை. காசை உயர்த்திக்கொண்டே போவது இல்லை. ஒவ்வொரு கிளப்பும் முறை வைத்துக் கூப்பிடுகிறது. போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. நோஞ்சானுக்கு முதல் உருண்டை. நல்ல ஏற்பாடுதான், இல்லையா? யுனிவர்சிட்டியில் ஆடும் பையன்களின் பெயர்கள் ஒரு குவியலாக இருக்கும். ஒவ்வொரு அணியும் ஒரு பெயர் சொல்லும். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. அவர்கள் லீக்கில் அதோடு முடிந்தது.

"அப்போ எடுத்துட்டா வேலை கிடைச்ச மாதிரிதானே?"

"இல்ல மாமா. 'இவனை நாங்க பார்த்துக்கறோம், வேற யாரும் கூப்பிடாதீங்க'ன்னு சொல்றது. அவ்ளோதான். காண்ட்ராக்ட் கிடையாது."

பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அது. துண்டு போட்டாயிற்று. உட்கார வைப்பார்களா என்பது வேறு கதை.

அந்த வேறு கதைதான் முகாம். சீசனுக்கு முன்னால், குளிர்காலக் கடைசியில். அங்கே போய் ஓடிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் காண்ட்ராக்ட். அல்லது படிக்கிற பையன்களுக்கென்றே ஒன்று இருக்கிறது: கோடை முழுக்க கிளப்புக்கு ஆடிவிட்டு, வகுப்பு தொடங்கும்போது காலேஜுக்கும் திரும்பலாம், காலேஜ் அணிக்கும் ஆடலாம். பிடிக்கவில்லையென்றால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

"பெரிய லீக் ஒண்ணு இருக்குல்ல, அமெரிக்கா பக்கம்?"

"அங்கேயும் ட்ராஃப்ட் இருக்கு மாமா. ஆனா பெரிய கிளப் எல்லாம் சின்ன வயசுலயே பசங்களை எடுத்து வளர்த்துடுது. ட்ராஃப்ட்ல வர்றவங்கள்ல கிரவுண்டுக்குள்ள போறது கொஞ்சம் பேருதான். அதுலயும் நாங்க கனடா. பார்டர் தாண்டிப் போனா பெரும்பாலும் ஃபாரினர் கணக்கு. அந்த சீட்டு ரொம்பக் கம்மி. நம்ம ஊர் லீக்ல பரவாயில்ல. லோக்கல் பசங்களுக்கு இவ்ளோ நிமிஷம் கொடுத்தே ஆகணும்னு ரூல் இருக்கு. முதல்ல எடுத்தவன் காணாமப் போயிருக்கான். பின்னாடி எடுத்தவன் கேப்டனா ஆகியிருக்கான்."

கிளாஸ்களுக்கு மேல் அவன் கண் பளபளத்தது. அவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசிக் கிளாஸை மட்டும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"நீ எப்போ முகாமுக்குப் போற?"

"போகல மாமா."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"கோடையில ஒரு கம்பெனியில ட்ரெயினிங் வேலை இருக்கு. அதுவா, இதுவான்னு ஜனவரி முதல் வாரத்துக்குள்ள ரெண்டு பேருக்கும் சொல்லணும். கம்பெனிக்கு சரின்னு சொல்லப் போறேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"ஏன்டா?"

"சும்மாதான்."

சும்மாதான்! தமிழில் இதைவிடப் பெரிய பூட்டு எது? நான் தோண்டவில்லை. தெருமுனையில் சிங்கம் ஐஸ்கிரீம் கப்போடு நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே நாங்கள் இருவரும் நடந்து வீட்டுக்குப் போனோம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மைதானம். மைதானம் என்பது மரியாதைக்கு. பாதி மண், பாதி கடல் மணல். ஒரு பக்கம் கடற்காற்று, இன்னொரு பக்கம் மணலி ஆலைகளிலிருந்து வரும் காற்று. எது ஜெயிக்கிறதோ அதைத்தான் அன்று சுவாசிப்போம். வருடத்தின் கடைசி ஞாயிறு காலையில் நாற்பது தாண்டியவர்கள் அங்கே கூடி ஒரு மேட்ச் ஆடுவோம். டிரெய்லர் ஓட்டுகிறவர், வெல்டர், பி.டி. மாஸ்டர், பேங்க் கேஷியர், வாரப் பத்திரிகையில் கிறுக்குகிற நான். தோற்ற அணி ஜெயித்த அணிக்குப் பிரியாணி பரிமாற வேண்டும். ஜெயித்தவன் கை கழுவிய பிறகுதான் தோற்றவன் உட்காரலாம். உலகக் கோப்பைக்குக்கூட இப்படி ஒரு வெறி இருக்குமா, தெரியாது.

ஆட்களை எப்படிப் பிரிப்போம்? உத்தி.

முப்பது வயசுக்குக் கீழே இருக்கும் வாசகர்களுக்கு: உத்தி பிரிப்பது என்றால், இரண்டு கேப்டன்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஒருவனை ஜோடி சேர்த்துக்கொண்டு, தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் போவார்கள். காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "மல்லி வேணுமா, கனகாம்பரம் வேணுமா?" கேப்டன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயர்க்காரன் அவன் பக்கம். மற்றவன் எதிர்ப்பக்கம். முறை மாறி மாறி வரும். அவ்வளவுதான்.

எங்களிடம் மல்லி, கனகாம்பரம் எல்லாம் போய்விட்டது. "டிரெய்லர் வேணுமா, டேங்கர் வேணுமா?" என்பார்கள். போன வருஷம் நானும் கேஷியரும் போய், "பிபி வேணுமா, சுகர் வேணுமா?" என்று கேட்டோம். கேப்டன் மூர்த்தி — அவர்தான் வெல்டர் — ரொம்ப யோசித்து, "சுகர்தான் எனுக்கு ஏற்கெனவே கீதே, பிபி குடு" என்றார்.

இந்த வருஷம் இன்னொரு கேப்டன் ரிச்சர்ட் ஒரு குண்டைப் போட்டார். டிரெய்லர் ஓட்டுகிறவர். குரலும் டிரெய்லர்தான். எங்கிருந்தோ ஒரு கை மைக் வேறு கொண்டு வந்திருந்தார்.

"இன்னாபா இது, எத்தினி வர்சமா உத்தி பிரிச்சிகினே கெடக்குறது? கொய்ந்த புள்ளைங்களா நாம்ப? நம்ப ரைட்டரு வூட்டுப் புள்ள கனடால ட்ராஃப்ட்ல வந்துகீறான். நாம்பளும் ட்ராஃப்ட் வெச்சிக்கலாம்!"

கைதட்டல். விசில். யாருக்கோ கால் சுளுக்கி அன்று வரவில்லை. அந்த இடத்துக்கு டேனியை நான் அழைத்துப் போயிருந்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே விதிகளைச் சொன்னான். போன வருஷம் தோற்ற கேப்டன் முதலில் கூப்பிட வேண்டும். ஆகவே மூர்த்தி. மைக் என் கையில் வந்தது. நான் அறிவித்தேன், கொஞ்சம் ஸ்டைலாகவே:

"முதல் சுற்று. முதல் தேர்வு. மூர்த்தி அவர்கள்..."

எல்லோர் கண்ணும் டேனி மேல். சந்தேகம் என்ன? ப்ரொஃபஷனல் கிளப் கூப்பிட்ட ஆள். மற்ற நாங்கள் எல்லாம் பெல்ட்டில் கடைசி ஓட்டையைத் தாண்டியவர்கள்.

மூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "என் மச்சான்."

"யோவ்!"

"இன்னா யோவ்? மொதல்ல மச்சான எடுக்கலன்னா, வூட்ல எனுக்கு யாரு சோறு போடுவா? நீ போடுவியா?"

அடுத்தது ரிச்சர்ட். அவர் எடுத்தது தன் யார்டு சூப்பர்வைசரை. "பொங்கலுக்கு லீவு கேட்டுகீறேன்பா" என்று மைக்கிலேயே சொன்னார். சூப்பர்வைசர் வெட்கத்தோடு போய் நின்றார். அதற்கடுத்து, மூர்த்தியின் பையனுக்கு ஸ்கூலில் சீட் வாங்கித் தந்த பி.டி. மாஸ்டர். அதற்கடுத்து, ரிச்சர்ட் வீட்டு ஹவுஸ் ஓனர்.

ஆக, ஃபுட்பாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஆள் எடுத்தார்கள். டேனியை யாரும் எடுக்கவில்லை. நான் மைக்கை மூடிக்கொண்டு மூர்த்தியிடம் கிசுகிசுத்தேன்: "பையனை எடுங்கப்பா."

"ரைட்டரே, அவன் ப்ரொஃபஷனலு. அவன எட்த்து ஜெயிச்சா, 'கனடாவ வெச்சி ஜெயிச்சிட்டான்'னு வர்சம் பூரா ஓட்டுவானுங்கோ. அந்த பிரியாணி தொண்டைல எறங்குமா?"

ரிச்சர்டுக்கும் அதே மானப் பிரச்சினை. குவியல் கரைந்தது. என்னையும் எடுத்துவிட்டார்கள் — எப்போது என்று கேட்காதீர்கள். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள்.

ஒன்று டேனி. இன்னொன்று சேகர்.

சேகர் காசிமேட்டுக்காரர், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த ஆள். பந்து அவரிடம் வந்தால் ஆடுவார். அவர் பந்திடம் போக மாட்டார். தினமும் டன் கணக்கில் தூக்குகிற மனுஷனுக்குத் தன்னைத் தூக்குவதுதான் சிரமம். அவருடைய வழக்கமான ஜோடிக்குத்தான் கால் சுளுக்கு.

சேகர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு உள்ளே ஆள் இல்லை.

"இருவது வர்சமா இந்த கிரவுண்டுல ஆடிகினு கீறேன்," என்றார். யாரிடமும் இல்லை, மண்ணிடம் சொல்வது போல. "நாந்தான் கடசீன்னு இன்னிக்கித்தான்பா தெரியும்."

கடற்காற்றும் நின்றுவிட்டது. மைக் என் கையில் சும்மா கொர்ரென்றது. உண்மைதானே? உத்தியில் யாருக்கும் இது தெரியாது. கேட்கிறவனுக்கும் தெரியாது, கேட்கப்படுகிறவனுக்கும் தெரியாது. அங்கே முதல் ஆள் இல்லை, கடைசி ஆள் இல்லை. ஜோடி மட்டும்தான். ட்ராஃப்ட் கேட்பது, உங்களில் யார் உசத்தி? உத்தி கேட்பது, உனக்கு யார் சமம்? இரண்டும் ஒரே கேள்வியா என்ன?

அப்போதுதான் டேனி சொன்னான்.

"அங்கிள், நானும்தான்."

"இன்னா நைனா?"

"அங்கேயும் நான்தான் லாஸ்ட். கடைசி ரவுண்ட். கடைசி பேரு. எல்லாரும் லைவ்ல பார்த்தாங்க. காலேஜ் டீம் முழுக்க ஒரு ரூம்ல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தோம். ஒவ்வொரு பேரா வந்துச்சு. என் பேரு வர்றப்போ பாதி பேரு எழுந்து சாப்பிடப் போயிட்டாங்க."

சும்மாதான் என்ற பூட்டு திறந்துகொண்டது. கிரேஸ் என்னிடம் 'ரெண்டாவது ரவுண்டு' என்று மட்டும் சொல்லியிருந்தாள். அம்மாக்களின் கணக்கு அப்படித்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தெருமுனை சிங்கத்தைப் பார்த்து இவன் ஏன் அப்படித் துடித்தான் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆறுதலாக, அழகாக. வாராவாரம் எழுதுகிறவன் அல்லவா? மைக்கின் சுவிட்சைத்தான் தேடி அணைத்தேன்.

சேகருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. டேனியை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. தொலைந்துபோன செருப்பின் ஜோடி கிடைத்துவிட்ட மாதிரி.

"அட, நீயும் கடசியா? நானும் கடசி. அப்போ நீயும் நானும் ஜோடிதான்! வா நைனா."

தோளில் கை போட்டார். கனமான கை, பையன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். இரண்டு பேரும் கோல் போஸ்ட் வரைக்கும் நடந்தார்கள். அங்கே குனிந்து குசுகுசுவென்று பேசினார்கள். டேனி ஏதோ கேட்டான். சேகர் இரண்டு கையையும் விரித்து ஏதோ அளவு காட்டினார். டேனி சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது... ஊருக்கு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தார்கள். ரிச்சர்டின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். கனடா உச்சரிப்பில் ஒன்று, காசிமேட்டு உச்சரிப்பில் ஒன்று, இரண்டு குரல்கள் சேர்ந்தே கேட்டன:

"கொடுவா வேணுமா, வஞ்சிரம் வேணுமா?"

மைதானமே வெடித்தது. சூப்பர்வைசர் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். ரிச்சர்டுக்கு மைக் தேவைப்படவில்லை:

"வஞ்சிரம்! எனுக்கு வஞ்சிரம்தான்!"

சேகர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "நாந்தான்டா வஞ்சிரம்! ரெண்டு பேரு நின்னோம். கனடா ப்ரொஃபஷனலு ஒர்த்தன், நான் ஒர்த்தன். என்னத்தான்டா எட்த்தான்! பாத்துகினீங்களா? எல்லாரும் பாத்துகினீங்களா?"

"டேய், எனுக்கு எங்கடா தெரியும் நீதான் வஞ்சிரம்னு!"

"அத்தெல்லாம் தெரியாது. எட்த்தியா, இல்லியா?"

ட்ராஃப்ட் அங்கேயே செத்துப்போனது. மச்சான், சூப்பர்வைசர், ஹவுஸ் ஓனர் எல்லோரும் குவியலுக்குத் திரும்பி, அவரவர் ஜோடியைத் தேடித் தோளில் கை போட்டார்கள். மைதானத்தின் நாலு மூலையிலும் நரைத்த தலைகள் முட்டிக்கொண்டு ரகசியம் பேசின. நானும் கேஷியரும் கொலஸ்ட்ராலும் தைராய்டுமாகத் திரும்பி வந்தோம்.

மேட்ச் எப்படி? டேனி மூர்த்தி பக்கம். பையன் யாருக்கும் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. நம்மைப் பாவம் பார்த்து ஆடினால் நமக்குத் தெரிந்துவிடும், இல்லையா? சேகரிடமிருந்து ஒரு பந்தை வழித்துக்கொண்டு போனான் பாருங்கள்... பந்து போய்விட்டது, சேகர் இன்னும் காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். "அட்ச்சான் பாரு, என் ஜோடி!" என்று எதிரணியில் இருந்தபடி கத்தினார்.

டேனியைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. ஆனாலும் மூர்த்தி அணி தோற்றது. மூர்த்தியின் மச்சான் சொந்த கோலிலேயே ஒரு பந்தை அடித்துவிட்டார். அன்று மூர்த்திக்கு வீட்டில் சோறு கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

பிரியாணியை டேனிதான் பரிமாறினான். சேகர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "லெக் பீஸு பாத்து வெய்யி நைனா, ட்ராஃப்ட்ல வந்த கை" என்று ஏவிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது என் டூவீலரில் பின்னால் டேனி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் வரிசை. பின்னால் எண்ணூர்ப் புகைபோக்கிகள் வெள்ளை வெள்ளையாக எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தன. காற்றில் அவன் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"மாமா, கிளப்புக்கு மெயில் போட்டுட்டேன். முகாமுக்கு வரேன்னு."

"எப்போ?"

"இப்போதான். கை கழுவிட்டு."

"கம்பெனி வேலை?"

"அதுக்கு அடுத்த வருஷம் கேட்டுக்கலாம். அங்கே எனக்கு யாரு ஜோடின்னு பார்க்கணும் மாமா."

நான் வண்டியை ஓரங்கட்டவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மட்டும் கொஞ்சம் முறுக்கினேன். மகிழ்ச்சி வந்தால் மெட்ராஸ்காரன் வேறென்ன செய்வான்?

பிப்ரவரிக் கடைசியில் முகாம் தொடங்கியது. கிரேஸ் தினமும் போன். "அண்ணே, இன்னைக்கு ரெண்டு பயலுவள அனுப்பிட்டாவ. நம்ம பய இருக்கான்." மறுநாள், "இன்னைக்கும் இருக்கான்." தாயின் குரலில் ஒரு பையன் நாள் நாளாக இருந்துகொண்டிருந்தான். நாங்களும் ராயபுரத்தில் அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

முகாமில் டேனி ஆடுகிற அதே இடத்துக்கு இன்னொருவன். பெயர் லூக், பிரெஞ்சு பேசுகிற பகுதிப் பையன். முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவன். ஆக, முதல் சுற்றும் கடைசிப் பெயரும் நேருக்கு நேர். ஒரு நாள் பயிற்சி மேட்சுக்குக் கோச் ஆள் பிரிக்கும்போது, டேனி போய் லூக்கின் தோளில் கை போட்டிருக்கிறான். ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தை விளக்கியிருக்கிறான். இரண்டு பேரும் கோச் முன்னால் வந்து நின்று...

ஆமாம். அதேதான்.

கோச் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, இரண்டாவதாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னாராம்: "வஞ்ச்ரம்?" லூக்தான் வஞ்சிரம். மறுநாளிலிருந்து முகாமே அப்படித்தான் பிரிகிறதாம். பனிக்கு நடுவே, கம்பளிக் குல்லாய் போட்ட பையன்கள் ஜோடி ஜோடியாக, என்னென்னவோ பெயர்களோடு. எல்லாம் சரி... ஆனால் லூக்குக்கு ஒரு சந்தேகம். இரண்டில் எது பெரிய மீன்? அவன் விடவே இல்லையாம்.

பல் தேய்க்கும்போது வந்த அர்ஜென்ட் கேள்வி இதுதான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு சேகருக்குப் போன் போட்டேன். துறைமுகச் சத்தத்துக்கு நடுவில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரைட்டரே, எது பெர்சுன்னு மட்டும் சொல்லிடாத. அத்த சொல்ட்டா, அப்பால அது இன்னா உத்தி?"

அப்படியே டைப் செய்து கனடாவுக்கு அனுப்பினேன்.

முந்தாநாள் கிரேஸ் போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். லூக்குக்கு முழுக் காண்ட்ராக்ட். டேனிக்குப் படிக்கிற பையன்களுக்கான அந்தக் காண்ட்ராக்ட் — கோடை முழுக்க கிளப், பிறகு காலேஜ். கடைசிப் பெயர் உள்ளே போய்விட்டது. அடுத்த மாதம் சீசன் தொடங்குகிறது. மைதானத்தில் எத்தனை நிமிஷம் கிடைக்கும்? தெரியாது. துண்டு போட்ட இடத்தில் உட்கார்ந்தாயிற்று. இனி வண்டி போகிற வரைக்கும் போகட்டும்.

அந்தோணி அண்ணன் உடனே புது ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார். இந்த முறை வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்; நாடு இல்லை, சிங்கம் இல்லை, கிளப் மட்டும்தான். டேனி பூட்ஸ் போட்ட படத்தை அனுப்பினான். கூடவே ஒரு கண்டிஷன்: பக்கத்தில் சேகர் அங்கிள் இருக்க வேண்டும், இரண்டு முகமும் ஒரே அளவில். அந்தோணி அண்ணன் கொஞ்சம் முறைத்துவிட்டு, சரி என்றார்.

நாளைக்குக் கட்டுகிறார்கள். நான் மட்டும் இன்னும் ஸ்டாம்ப் சைஸ்தான்.